கோபம் பொருத்தாத வீரன்

உலகத்தில் எந்த ராஜ்யத்தில் எந்த அரக்கன் கிளம்பினாலும், அவனை வெட்டப் போகிற கவசவீரன் ஒரகடத்தில்தான் தயாராகிறான். கம்பெனி வாசலில் பெரிய போர்டில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. போர்டுக்குக் கீழே, ஷிப்ட் பஸ் நிற்கிற இடத்தில், நிழலுக்கு ஒரு தகரம்கூடக் கிடையாது. போர்டின் நிழலில்தான் எல்லோரும் நிற்பார்கள். வெயில் நகர நகர அவர்களும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள்.

தேவிப்பிரியா அந்தக் கம்பெனியில் ஏழாவது ஸ்டேஷன். பெயரைச் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது, ஏழாவது ஸ்டேஷன் என்றால் தெரியும். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற பிரஸ் ஷாப்பிலிருந்து வெற்றுக் கவசமாக ஒவ்வொரு பீஸும் உருண்டு வரும். ஒரு ஸ்டேஷனில் அதற்குக் குரல் ஊற்றுவார்கள். இன்னொன்றில் தைரியம். தைரியம் வெளிநாட்டிலிருந்து பீப்பாயில் வருவது. மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். ஏழாவதில் கோபம். சின்னச் சிவப்புக் குப்பி. இடது விலாவுக்குக் கீழே இருக்கும் துளையில் வைத்து 'டக்' என்று சத்தம் வரும்வரை திருக வேண்டும். திருகி நிமிர்வதற்குள் அடுத்த விலா வந்து நிற்கும். கன்வேயர் யாருக்காகவும் நிற்காது. லைன் கடைசியில் பீஸ் கண்ணைத் திறந்து, எழுந்து, குனிந்து வணங்கி, மரப்பெட்டிக்குள் தானே ஏறிப் படுத்துக்கொள்ளும். அப்புறம் துறைமுகம், கப்பல்.

"நாள் பூரா கோவத்த அள்ளி அள்ளி வெச்சிட்டு வர்ற, ஒனக்கு ஒண்ணும் ஒட்டலியாடி?" என்று அம்மா காந்திமதி கேட்பாள்.

"பசிதாம்மா ஒட்டிகினு வருது. சோத்தப் போடு."

கம்பெனி இருக்கிற இடத்தில் முன்பு ஒரு குன்று இருந்தது. குன்றை உடைத்து, அந்தக் கல்லையும் மண்ணையும் கொட்டியே பள்ளத்தை நிரவி, மேலே பிளான்ட் கட்டினார்கள். குன்றுக்குள் ஒரு யாளி தூங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. கோயில் தூணில் சிங்க உடம்பும் யானைத் துதிக்கையுமாக எழும்பி நிற்குமே, அதே யாளி. படுக்கை போனதும் அது இடம் தேடி அலைய ஆரம்பித்தது. வாலாஜாபாத் ரோட்டில் ஒரு லாரி டிரைவர் அதைப் பார்த்தார். குடித்திருப்பார் என்று விட்டுவிட்டார்கள். சித்திரைக் கடைசியில் அது பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரைக்கு வந்து, காந்திமதியின் கழனிக்குத் தலைமாட்டில் சுருண்டு படுத்தது.

பிளான்ட்டுக்குக் கொடுத்தது போக அவர்களுக்கு மிஞ்சிய கழனி அது ஒன்றுதான். நவரைப் பட்டத்து நெல். கதிர் முற்றித் தலை கவிழ்ந்து நின்றது. சாயங்காலமானால் மேகம் கூடுவதும் கலைவதுமாக இருந்தது. ஒரு கோடை மழை பிடித்தால் போதும், கதிர் சாய்ந்து தண்ணீரிலேயே முளைத்துவிடும். ஆத்தூரிலிருந்து வந்திருந்த அறுவடை மெஷின் வரப்பில் ஏறியது. யாளி ஒரு கண்ணை மட்டும் திறந்தது. டிரைவர் ரிவர்ஸிலேயே ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போனதாகச் சொன்னார்கள். அதன் பிறகு யாளி இரண்டு ஆட்டைத் தின்றது. கரண்ட் கம்பத்தில் முதுகைச் சொறிந்து கம்பத்தைச் சாய்த்தது. கழனிப் பக்கம் யாரும் போகவில்லை.

காந்திமதிக்கு வீட்டில் உட்காரக் கால் தரிக்கவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தாள்.

"ஏண்டி, ஒலகம் பூரா ஆள் அனுப்புறான் ஒன் கம்பெனிக்காரன். பக்கத்து ஊருக்கு ஒருத்தன அனுப்ப மாட்டானா?"

"கேக்குறேம்மா."

"கேக்குறேன் கேக்குறேன்னுகினே கீற. வானத்தப் பாத்தியா?"

லைன் சூப்பர்வைசர் லோகேஷ் வாட்சைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவன். வாட்ச் கட்டாத நாளில் மணிக்கட்டைப் பார்ப்பான்.

"சார், எங்க ஊர்ல யாளி ஒண்ணு..."

"டார்கெட் முடிச்சிட்டுப் பேசலாம்."

"எப்ப சார் முடியும்?"

"அது எப்படிம்மா முடியும்? தினம் ஏத்துறாங்க இல்ல? நீ லஞ்ச்ல எச்.ஆர். போய்க் கேளு. சாப்பிட்டுட்டுப் போ, இல்ல சாப்பிடாமப் போ. லைனுக்கு மட்டும் லேட்டா வராத."

சாப்பிடாமல் போனாள்.

எச்.ஆர். மேனேஜர் திருமலையின் அறைக்குள் நுழைகிறவர்கள் வலது முஷ்டியை நெஞ்சில் வைத்து "வீரமே விதி!" என்று முழங்க வேண்டும். சம்பளத்தில் பிடித்தம் பற்றிக் கேட்க வந்தாலும், அப்பா செத்து லீவு கேட்க வந்தாலும் அப்படித்தான். தேவிப்பிரியா முழங்கினாள். திருமலை எழுந்து நின்று ஏற்றுக்கொண்டார்.

"உக்காரும்மா. நம்ம கம்பெனி ஒரு குடும்பம். குடும்பத்துல ஒருத்தருக்குக் கஷ்டம்னா மத்தவங்க என்ன செய்வோம்? காது கொடுத்துக் கேட்போம். சொல்லு."

சொன்னாள்.

"கேட்டுட்டேன்" என்றார் திருமலை. முகத்தில் ஒரு வேலையை முடித்த திருப்தி இருந்தது.

"ஒரே ஒரு வீரன அனுப்பினா போதும் சார். அரை நாள்."

"இது ஏற்றுமதி மண்டலம் பாரு. கேட்டுக்கு உள்ள இருக்கிற வரைக்கும் நம்ம வீரன் வெளிநாட்டுச் சரக்கு. வெளிய ஒரு காலை எடுத்து வச்சா கடத்தல் சரக்கு. உள்ளூர் ஆபத்துக்கு வீரன் கொடுக்க மாட்டோம்னு எழுதிக் கொடுத்துதான் உள்ளூர்ல நிலமே வாங்கினோம்."

"எங்க நிலம் சார் அது."

"அதைத்தான் தியாகம்னு ஒவ்வொரு ஆண்டு விழாலயும் சொல்றோமே. சரி, இளவரசி யாராவது கடத்தப்பட்டிருக்காங்களா?"

"இல்ல சார்."

"கோட்டை, முற்றுகை?"

"கழனி சார். நெல்லு."

"நெல்லுக்குப் பாலிசி இல்லம்மா." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "இளவரசின்னா உடனே எடுத்துடலாம். ஒண்ணு செய்யலாம். உங்க ஊர் ஒரு ராஜ்யமா இருந்து, ராஜா முறைப்படி ஆர்டர் போட்டா, வீரனை உங்களுக்கே ஏற்றுமதி பண்ணலாம். கப்பல்ல போய்ச் சுத்திக்கிட்டு வருவான். மழைக்காலத்துக்குள்ள கிடைச்சிடும்."

பிள்ளைப்பாக்கத்தில் ராஜா கிடைப்பது கஷ்டமாக இல்லை. கம்பெனியின் பழைய இரும்பு முழுக்க கண்ணப்பனின் டிராக்டரில்தான் வெளியே போகும். அந்த ஸ்கிராப் கான்ட்ராக்ட் வந்ததிலிருந்து அவர் தன்னை ராஜாவாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். செய்தி காதில் விழுந்த அன்றே கிரீடம் வைத்த படத்தோடு 'பிள்ளைப்பாக்கம் பேரரசர்' என்று ஃப்ளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டினார். கம்பெனிக்கு ஆர்டரும் போட்டார். புதிய ராஜாக்களுக்குப் போர் முன்னனுபவம் தேவை என்று பதில் வந்தது.

"பஞ்சாயத்து எலக்சன்ல ரெண்டு தடவ நின்னுகிறேனே, அது இன்னா பூப்பறிக்கிற வேலையா?" என்று கண்ணப்பன் கேட்டார். ஃப்ளெக்ஸை மட்டும் அவிழ்க்கவில்லை.

கம்பெனி சும்மா இருந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஊருக்கு ஒரு விழிப்புணர்வு வேன் வந்தது. 'யாளியோடு இணைந்து வாழ்வோம்' என்று அச்சடித்த தொப்பி ஆளுக்கு ஒன்று, மரக்கன்று ஆளுக்கு ஒன்று. திருமலையே நேரில் வந்து, ஏரியிலிருந்து பத்திரமான தூரத்தில் நின்று, மைக் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பேசினார்.

"அன்பான மக்களே, யாளியை ஆபத்தாகப் பார்க்காதீர்கள், வாய்ப்பாகப் பாருங்கள். இந்த மண்ணுக்குக் கம்பெனி என்ன செய்தது என்று சிலர் கேட்கிறார்கள். இதோ, மரக்கன்று. நட எங்கே இடம் என்றும் அவர்களே கேட்கிறார்கள். இடத்தை நாங்கள் வாங்கிக்கொண்டோம் அல்லவா? நடுகிற சிரமம்கூட உங்களுக்கு வேண்டாம் என்றுதான். உங்கள் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தோம். வேலை செய்து களைத்துப் போகிறார்கள் என்று சொன்னீர்கள். உடனே களைப்பைப் பற்றி ஒரு கருத்தரங்கம் நடத்தினோம். ஓவர்டைம் முடிந்த பிறகுதான் நடத்தினோம். உற்பத்தியும் கெடவில்லை."

காந்திமதி முன்வரிசையில் நின்று தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தாள். "கதிரு கொட்டத் தொடங்கிடுச்சு சார்" என்றாள்.

"நல்ல கருத்து. குறித்துக்கொள்கிறோம்" என்றார் திருமலை.

யாராலும் நட முடியாமல் கரையோரம் போட்டுப் போன கன்றுகளை யாளி தின்றது. கன்றுகள் நூறு சதவீதம் பயன்பாட்டுக்கு வந்துவிட்டதாகக் கம்பெனிப் பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள்.

அந்த வாரம்தான் ஏழாவது ஸ்டேஷனில் தப்பு நடந்தது.

லைனில் நிற்கிறவர் பாத்ரூம் போக வேண்டுமென்றால் அவர் இடத்தில் வந்து நிற்க ஓர் ஆள் வேண்டும். ரிலீவர் என்பார்கள். முன்பு அமலா என்ற பெண் அந்த வேலையில் இருந்தாள். கையைத் தூக்கினால் ஓடி வருவாள். செலவுக் குறைப்பு என்று அமலாவை நிறுத்திவிட்டு, அவள் நிற்கும் இடத்தில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். 'பொறுத்தவரே வீரர்.' வீரன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற படம்.

அன்று ஷெட்டுக்குள் அப்படி ஒரு புழுக்கம். வெளியே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. தேவிப்பிரியா தண்ணீர் குடித்துக் குடித்து, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துப் பார்த்து, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். போஸ்டரைப் பார்த்தாள். இதற்கு மேல் முடியாது என்று ஆனபோது ஓடினாள். ஓடித் திரும்பி வருவதற்குள் ஒரு பீஸ் கடந்துவிட்டது.

லைன் கடைசியில் இன்ஸ்பெக்டர் பிச்சையா இருந்தார். அவர் வேலை, எழுந்து நிற்கிற ஒவ்வொரு வீரனையும் ஓங்கி ஒரு அறை விடுவது. வீரன் கர்ஜித்து வாளை உருவினால் பாஸ். அன்று ஒருவன் வாளை உருவவில்லை. பிச்சையாவின் கையைக் குனிந்து பார்த்தான்.

"கை வலிக்கிறதா, ஐயா?" என்று, குரல் ஸ்டேஷனில் ஊற்றிய சுத்தமான தமிழில் கேட்டான்.

பிச்சையா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இரும்பை அறைந்து அறைந்து அவர் உள்ளங்கை செருப்பு மாதிரி ஆகியிருந்தது. வீட்டில்கூட யாரும் அதைக் கேட்டதில்லை. பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்டதற்காக அவன் கழுத்தில் ரிஜெக்ட் அட்டையை மாட்டினார்.

விசாரணை உடனே நடந்தது. எந்தத் தப்புக்கும் ஐந்து முறை 'ஏன்' கேட்டால் ஆணிவேர் தெரிந்துவிடும் என்பது கம்பெனியின் நம்பிக்கை. திருமலை கேட்டார், லோகேஷ் பலகையில் எழுதினான்.

"ஏன் கோபம் பொருத்தல?"

"பாத்ரூம் போனேன் சார்."

"ஏன் போன?"

"அவசரம்."

"ஏன் அவசரம்?"

"தண்ணி குடிச்சேன்."

"ஏன் தண்ணி குடிச்ச?"

"புழுக்கம் சார். வெயிலு."

"ஏன் வெயில்?"

தேவிப்பிரியா ஜன்னலைப் பார்த்தாள். லோகேஷும் பார்த்தான். பலகையில் 'வெயில்' என்று எழுதி வட்டம் போட்டான்.

"வெயிலை நம்மால மாத்த முடியாது" என்று திருமலை முடிவுரை சொன்னார். "தண்ணிய மாத்தலாம்."

அன்றே லைன் பக்கத்திலிருந்த தண்ணீர் கேனைத் தூக்கிவிட்டார்கள். இப்படி ஒரு பிரச்சினையை ஒரே நாளில் தீர்த்ததற்காக லோகேஷுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

ரிஜெக்ட் ஆன பீஸ் ஸ்கிராப் யார்டுக்குப் போகும். தேவிப்பிரியாவுக்கு அப்போதுதான் அது உறைத்தது. வீரனாக வெளியே போனால் கடத்தல். பழைய இரும்பாகப் போனால் கேட்பாரில்லை. ஷிப்ட் முடிந்ததும் நேராகக் கண்ணப்பன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, இன்னிக்கு யார்டுல ஒரு ஆள் கெடக்கிறான். அவனக் கொண்டாந்து எங்க கழனியாண்ட எறக்கிடுண்ணே."

"ரிஜெட்டா? இன்னா கோளாறு?"

"கோவம் வராது."

"கோவம் வராதவன வெச்சிகினு யாளியாண்ட இன்னாம்மா பண்ணுவ? கொஞ்சுவானா?"

"பயம் கெடையாதுண்ணே. தைரியம் ஊத்தினதுக்கு அப்புறந்தான் என்னாண்ட வந்தான். நிப்பான். அது போதும்."

கண்ணப்பன் யோசித்தார். "வேல ஆச்சுன்னா யாளிய வெரட்டுன பேரரசர்னு போட்டுக்கலாமா?"

"போட்டுக்கண்ணே."

ஸ்கிராப் திரும்பப் பயன்படாதபடி சிதைத்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும் என்று விதி. அந்த வேலையும் பிச்சையாவுடையது. வாளைப் பாதியில் ஒடித்தார். தலைக்குஞ்சத்தை அறுத்தார். நெஞ்சில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டார். அடுத்து கேஸ் கட்டரைப் பற்றவைத்துக் கழுத்தருகே கொண்டுபோனவர், அதை அணைத்துவிட்டு, "போதும்யா, ஏறு" என்றார்.

மறுநாள் விடிந்ததும் டிராக்டர் ஏரிக்கரையில் நின்றது. தகரத் துண்டுகளுக்கு நடுவிலிருந்து வீரன் இறங்கினான்.

"இதானாடி? கத்தி பாதிதான் கீது" என்றாள் காந்திமதி.

"தாயே, வணக்கம். யாரை வெட்ட வேண்டும்?"

"அத வெட்டினாலும் சரி, தொரத்தினாலும் சரி. எனுக்கு நெல்லு வூட்டுக்கு வரணும்பா. தோ பாரு, மழ வந்துகினே கீது."

வீரன் வரப்பில் நடந்தான். கரைக்கு மேலே ஊரே நின்று பார்த்தது. யாளி எழுந்தது. எழுந்ததும் அந்தப் பக்கத்து வானம் பாதி காணாமல் போனது. அது விட்ட மூச்சில் கதிரெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. காந்திமதி மகளின் கையை நகம் பதியப் பிடித்தாள். வீரன் ஓடவில்லை. ஒடிந்த வாளையும் தொடவில்லை. சும்மா நின்றான். யாளி துதிக்கையை நீட்டி அவன் தலையை முகர்ந்தது, தோளை முகர்ந்தது, இடது விலாவுக்குக் கீழே வந்து நின்றது. அந்தத் துளைக்குள் நுனியை விட்டுத் துழாவியது. உள்ளே ஒன்றும் இல்லை. யாளி பெருமூச்சு விட்டு, இருந்த இடத்திலேயே மறுபடி சுருண்டு படுத்தது.

வீரன் திரும்பி வந்தான். "அவர் உறங்க விரும்புகிறார், தாயே. அவரை எழுப்பாமல் நீங்கள் உங்கள் வேலையைச் செய்யலாம் என்று தோன்றுகிறது. நான் நடுவில் நிற்கிறேன்."

"சும்மா நிக்கிறதுக்கு இன்னா? அடியப் புடிச்சி அறு" என்று காந்திமதி முதல் பிடியை அறுத்துக் காட்டினாள்.

மெஷின்காரன் போனைக்கூட எடுக்கவில்லை. கையறுப்புக்கு ஊரில் ஆள் ஏது? கதிர் அறுக்கத் தெரிந்த பெண்கள் எல்லாம் கம்பெனி கேன்டீனில் வெங்காயம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நைட் ஷிப்ட் முடிந்து பஸ் ஊருக்குள் வந்தபோது அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. நீல யூனிஃபார்மோடு, தலையில் வலைத்தொப்பியோடு கழனியில் இறங்கினார்கள். யாளிக்கும் அவர்களுக்கும் நடுவில் வீரன் ஒடிந்த வாளால் அறுத்துக்கொண்டே நகர்ந்தான். தூக்கத்தில் யாளி வாலை அசைத்தால் பெண்கள் நிமிர்ந்து அவனைப் பார்ப்பார்கள். அவன் அறுத்துக்கொண்டிருந்தால் அவர்களும் குனிவார்கள். யாரும் உரக்கப் பேசவில்லை.

பாதிக் கழனி அறுபட்டிருந்தது. அப்போது பேண்டு சத்தம் கேட்டது.

கம்பெனி கார் முன்னால். அதற்குப் பின்னால் பேண்டு வாத்தியம். அதற்கும் பின்னால் இரண்டு பேர் பிடித்த பேனர். 'எங்கள் முதல் உள்ளூர் வெற்றி.' திருமலை இறங்கி, இந்த முறை யாளி தூங்குகிறது என்ற நம்பிக்கையில், மைக்கை முழுச் சத்தத்தில் வைத்தார்.

"இந்த வெற்றி தனி ஒருவருடையதல்ல. இது எங்கள் ரிஜெக்ட் தரத்தின் வெற்றி! நாங்கள் தூக்கி எறிவதே இப்படி என்றால், விற்பது எப்படி இருக்கும் என்று உலகம் சிந்திக்கட்டும்!"

பிறகு மைக்கை மூடிக்கொண்டு தேவிப்பிரியாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "சரக்கு கடத்தினதுக்கு உனக்குத் தனியா மெமோ வரும். இப்ப கேமராவைப் பார்த்துச் சிரி."

"சார், மைக்க நிறுத்துங்க சார். பாதிதான் அறுத்துகிறோம்."

"ரெண்டே நிமிஷம்மா. பட்டாசு மட்டும்தான் பாக்கி."

பத்தாயிரம் வாலா. கண்ணப்பன்தான் பேரரசர் என்ற முறையில் பற்றவைத்தார்.

யாளி இரண்டு கண்ணையும் திறந்தது. பெண்கள் அரிவாளோடு கரையேறி ஓடினார்கள். பேண்டுக்காரர்கள் டிரம்மைப் போட்டுவிட்டு ஓடினார்கள். யாளி எழுந்து, சத்தம் வந்த பக்கம் திரும்பி, முன்னங்காலைத் தூக்கியது. காலுக்குக் கீழே அறுபடாத நெல். காந்திமதி ஓடவில்லை. "ஐயோ, என் கதிரு!" என்று கத்திக்கொண்டு அந்தக் காலடியை நோக்கிப் போனாள். தேவிப்பிரியா அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

வீரன் எட்டு வைத்துப் போய் யாளியின் துதிக்கையில் கையை வைத்தான்.

"இந்தப் பக்கம், ஐயா. வரப்பு இருக்கிறது."

தூக்கிய கால் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு விலகி வரப்பில் இறங்கியது. அடுத்த காலும் வரப்பில். அவ்வளவு பெரிய உடம்பு அந்த ஒற்றை வரப்பில் பசுமாடு மாதிரி நடந்து ரோட்டுக்கு ஏறியது. எதிரே கம்பெனி கார் திரும்பிப் பறந்துகொண்டிருந்தது. அதன் டயரில் ஒட்டியிருந்த மண்ணில் யாளிக்குத் தெரிந்த வாசனை ஏதோ இருந்திருக்க வேண்டும். முகர்ந்துகொண்டே காரின் பின்னால் போனது.

வீரன் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து அறுத்தான்.

யாளி கம்பெனி கேட்டைத் தட்டவில்லை, மிதித்துக்கொண்டு போனது. பழைய குன்று இருந்த இடம் இப்போது டெஸ்பாட்ச் யார்டு. அங்கே இரண்டு சுற்று சுற்றி, கன்டெய்னர்களை முதுகால் ஒதுக்கி, வழியை அடைத்துப் படுத்தது. நிம்மதியாக ஒரு உறுமல் உறுமியது. ஒரகடம் பூராவும் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு பெட்டிகூட வெளியே போக முடியவில்லை. அப்படியும் கவலைப்பட என்ன இருக்கிறது, உள்ளேதான் நூற்றுக்கணக்கான வீரர்கள் இருக்கிறார்களே என்று லோகேஷ் ஒரு பெட்டியின் மூடியைப் பெயர்த்தான். கோபம் பொருத்திய, அறை வாங்கிப் பாஸான வீரன் கர்ஜித்துக்கொண்டு எழுந்தான்.

"எந்த ராஜ்யம்? அரசர் யார்? கடத்தப்பட்ட இளவரசி எங்கே?"

"இது நம்ம பிளான்ட்டுப்பா. யார்டுல யாளி படுத்திருக்கு" என்றார் திருமலை.

"உள்ளூர் ஆபத்தா?" என்று கேட்ட வீரன் படுத்துக்கொண்டு மூடியைத் தானே இழுத்து மூடிக்கொண்டான். இன்னும் சில பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். எல்லாம் ஒரே தரம்.

சாயங்காலம் திருமலை தனியாகக் கழனிக்கு வந்தார். கார் இல்லை. யாராவது பைக்கில் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும். டையைக் காணோம். கடைசி கட்டுகளைக் களத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீரனும் பெண்களும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போடப் போட, காந்திமதி தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டே போனாள். காற்று கிளம்பிவிட்டது. தூரத்தில் மழை இரையும் சத்தம் கேட்டது.

"அந்தப் பீஸ் வேணும்மா" என்றார் திருமலை.

"அது ஸ்கிராப் சார். வெளிய போன ஸ்கிராப் உள்ள வராதுன்னு நீங்கதான சொல்வீங்க" என்றாள் தேவிப்பிரியா.

"விதியைத் திருத்திடலாம். நான் இப்பவே..."

"பேசிகினே நிக்காத சார், பறக்குது பாரு!" என்று காந்திமதி தார்ப்பாயின் ஒரு முனைக் கயிற்றை அவர் கையில் திணித்தாள். "இத இழுத்துப் புடி. வுட்டா மொத்த நெல்லும் நனஞ்சிரும்."

திருமலை பிடித்தார். ஆளுக்கொரு முனை. நடுவில் இந்தப் போகத்து நெல் முழுவதும். காற்று தார்ப்பாயை உப்பி உப்பித் தூக்கியது. முதல் துளிகள் தடதடவென்று விழுந்தன. கொஞ்ச நேரம் போனது. திருமலை கால் மாற்றி நின்றார். மறுபடி மாற்றினார். யாரையோ தேடுவதுபோல அங்குமிங்கும் பார்த்தார்.

"அம்மா... இங்க பாத்ரூம் எங்க?"

"ஏன் சார்?" என்றாள் தேவிப்பிரியா.

"ஆபீஸ் பாத்ரூமுக்குப் போற வழியிலதான் அது படுத்திருக்கு. காலைலருந்து... அவசரம்மா."

"ஏன் அவசரம்?"

"தண்ணி குடிச்சேன்."

"ஏன் தண்ணி குடிச்சீங்க?"

"வெயில்..." என்று ஆரம்பித்த திருமலை நிறுத்தினார். மழை அவர் முகத்தில் வழிந்தது.

"அடியே, மனுசன நிக்க வெச்சி இன்னாடி வெசாரண பண்ணிகினு கீற?" என்று காந்திமதி எதிர் முனையிலிருந்து கத்தினாள். "தோ, பம்புசெட்டுக்கு அந்தாண்ட கீது சார். போ. ஆனா கயித்த வுட்டுட்டுப் போவாத!"

"விடாம எப்படிம்மா போறது? யாராவது வந்து பிடிங்களேன்!"

யாரும் வரவில்லை. எல்லோர் கையிலும் ஒரு முனை இருந்தது. திருமலை கயிற்றை இறுக்கிக்கொண்டு, முழங்காலோடு முழங்காலைச் சேர்த்துக்கொண்டு, கண்ணை மூடினார். போஸ்டரில் இருக்கிற வீரன் அப்படியே.

கடைசிக் கட்டைத் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு வீரன் எழுந்து வந்தான். அவர் கையிலிருந்த கயிற்றை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"தாங்கள் சென்று வாருங்கள், ஐயா. நான் நிற்கிறேன்."

திருமலை ஓடினார். சேற்றில் ஒரு ஷூவை விட்டுவிட்டு ஓடினார்.

"சார்!" தேவிப்பிரியா மழைக்கு மேலே குரல் எழுப்பிக் கேட்டாள். "நாளைக்கு அமலா வேலைக்கு வருவாளா?"

"வருவா!" என்றார் திருமலை திரும்பிப் பார்க்காமல்.

"தண்ணிக் கேனு?"

"வரும்! வரும்!"

அந்தக் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு கோரிக்கைக்குக் கமிட்டி போடாமல் பதில் வந்தது அன்றுதான். மழை கொட்டியது. காந்திமதி தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டு ஒரு கதிரைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.